பெரியவர் பெயரில் ஒரு கத்தி

புதுக் கத்தி கைக்கு வந்தால் அவர் முதலில் பார்ப்பதில்லை, கேட்பார். காதருகே வைத்து, கட்டைவிரலால் அலகைத் தள்ளித் திறப்பார். 'டக்'. மடிப்பார். மறுபடி திறப்பார். மூன்றாவது 'டக்'குக்குப் பிறகுதான் கண்ணுக்கு முறை.

"இத்தனை இருக்கே, ஒரு வெங்காயம் நறுக்க ஒண்ணாவது உதவுமா?" என்பாள் மனைவி.

"அதுக்குச் செஞ்சதில்லடி."

"அப்ப எதுக்கு? என் புடவைக்குக் காவலா?"

பீரோவில் அவள் புடவைகளுக்கடியில் பதினான்கு மடக்குக் கத்திகள் இருந்தன. எல்லாம் சொல்லிவைத்துக் கையால் செய்து வாங்கியவை. அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மதியம் அறை காலியானதும் புதுக் கத்தியை மேசையில் கிடத்தி ஒரு படம் எடுத்துவிடுவார். ஆணி, வில், பிடிக்குள் யாருக்கும் தெரியாமல் கம்பியால் பதித்திருக்கும் தம் பெயரின் முதலெழுத்து எல்லாம் எலும்புபோல வெள்ளையாகத் தெரியும். ஆசை தீரப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்.

பதினைந்தாவது கத்தியன்று, அழிக்கப் போன நேரத்தில் வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.

சாயங்காலம் பஸ் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. படத்தை அழிக்கவில்லை. அதைவிட, கத்திக்கென்று வைத்திருந்த பொய் நோயாளி எண்ணை அடித்த ஞாபகமும் இல்லை. அதற்கு முன் எடுத்தது, குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவரின் இடுப்பு. அந்தப் பெரியவரின் பதிவை மூடாமலே கத்தியைப் படம் எடுத்திருக்கிறார்.

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தார். படம் நேற்றே வார்டுக்குப் போய்விட்டது. இனி அவரால் அழிக்க முடியாது. பதினெட்டு வருஷ வேலை. மெஷின் கோளாறு என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த முதலெழுத்து?

பத்து மணிக்குப் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். திரையில் கத்தி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இது யாரோடது?"

"மெஷின்ல ஏதோ..." கண் திரையிலிருந்த முதலெழுத்தில் போய் நின்றது. "என்னோடது மேடம்."

"உங்களோடதா? எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்ல மேடம்."

"நல்லவேளை. வயித்துலன்னு சொல்லாம விட்டீங்களே." அவர் சிரிக்கவில்லை. "நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராதீங்க."

ஒரு மாதம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில், எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பிப் போன அன்றுதான் வார்டு நர்ஸ் சொன்னார். படம் வந்ததும், எங்காவது குத்துப்பட்டிருக்கிறதா என்று அந்தப் பெரியவரை மூன்று முறை புரட்டிப் போட்டு உடம்பெல்லாம் தேடினார்களாம். எதற்கென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் போனதும் பெரியவர் தம் மகளுக்குப் போன் போட்டு, வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, தன்னை எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்தாராம்.