ஐஸ் பெட்டிக்காரர் போட்ட ஹார்ட்

சேரன்மகாதேவியில் மந்திரமூர்த்தியின் கைப்பேசி எண் இல்லாத வீடு கிடையாது. அதை வைத்திருப்பதாக ஒப்புக்கொள்ளும் வீடும் கிடையாது. அவர் தொழில் அப்படி. யாராவது கண்ணை மூடினால், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடம்பைக் கெடாமல் வைத்திருக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறார்.

ஒரு காலத்தில் இதே மனுஷன் மைக் செட் வைத்திருந்தார். அவர் குழாய் கட்டாமல் ஊரில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்ததில்லை. "முதல் பந்தியில உக்காரும்வே" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மண்டபங்களே ஒலிபெருக்கி வாங்கி மாட்டிக்கொண்டதும் மைக் செட் மூலைக்குப் போயிற்று. பிழைக்க வேண்டுமே என்று ஐஸ் பெட்டி வாங்கினார். அன்றோடு அவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது. சொந்த மாமன் மகள் கல்யாணத்தையே மறுநாள் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தார். ஊரார் தங்கமானவர்கள். ‘நீ வராதே’ என்று சொன்னால் மனுஷன் மனம் நோகுமே என்று, சொல்லாமலே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள்.

அவர் மனைவி உலகம்மாள் பீரோவிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து உலர்த்தி, மறுபடி மடித்து வைப்பாள். "கெட்டிட்டுப் போவ எடந்தான் இல்ல, பூச்சியாவது அரிக்காம இருக்கட்டும்" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மந்திரமூர்த்திக்குச் சோறு இறங்காது. யாராவது ஒருத்தர், ஒரு நல்ல காரியத்துக்கு, ‘நீயும் வா’ என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துப் பாளையங்கோட்டையிலிருந்து சிவகணேஷ் வந்தான். சமூக ஊடகத்தில் வியாபாரம் எப்படி எடுபடுகிறது என்று அளந்து சொல்வது அவனுக்குப் பிழைப்பு. மந்திரமூர்த்தி ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மாலை போட்ட ஐஸ் பெட்டியின் படம் அதில் இருந்தது. அதற்கு விழுந்திருந்த ஒற்றை லைக், அவரே போட்டது.

"அண்ணாச்சி, ரீச் நல்லா இருக்கு. என்கேஜ்மென்ட்தான் இல்ல" என்றான் சிவகணேஷ்.

"அப்படின்னா?"

"எல்லாரும் பாக்காவ. ஆனா ஒருத்தரும் பேச மாட்டேங்காவ."

"இதச் சொல்லதுக்கா தம்பி பாளையங்கோட்டையில இருந்து வந்திய? தெருவுலயும் அப்படித்தான நடக்கு?"

சிவகணேஷ் அசரவில்லை. ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மறுபடி வருகிறாரா என்று கேட்டான். மந்திரமூர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவரைக்கும் பெட்டியில படுத்தவன் எவனும் குறை சொல்லல" என்றார். கடைசியில் அவன் ஒரு வழி சொன்னான்: நாம் நாலு பேருக்கு லைக் போட்டால் நாலு பேர் நமக்குப் போடுவார்கள், மொய் மாதிரி. மொய் என்றதும் மந்திரமூர்த்திக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மொய் வைக்கத்தானே இத்தனை வருஷமாக யாரும் கூப்பிடவில்லை? இங்கே கூப்பிடாமலே வைக்கலாம் போலிருக்கிறதே!

அன்றே தொடங்கினார். தன் பெயரில் அல்ல, ‘மந்திரமூர்த்தி ஐஸ் பெட்டி சர்வீஸ்’ என்ற பக்கத்தின் பெயரில். பிறந்த குழந்தைக்கு ஒரு ஹார்ட், கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ஹார்ட். காலில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கும் ஒன்று. அவர் நொண்டிக்கொண்டே அன்றைக்கே வீட்டுக்கு ஓடிவிட்டதாகக் கேள்வி.

அப்புறம் சங்கரசுப்பிரமணியனுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம் வந்தது. அவர் ஓய்வுபெற்ற தாசில்தார். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்தார்கள். காலையில் அப்பா தலையில் கலசத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சாயங்காலமே கிளம்புவதாக ஏற்பாடு. மூத்த மகன் நடராஜ் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். முதல் ஹார்ட் ஐஸ் பெட்டியிடமிருந்து விழுந்தது. கூடவே ஒரு வரி: ‘ஐயாவுக்கு வாழ்த்துகள். எப்போது வேண்டுமானாலும் அழைக்கவும்.’

மத்தியானம் கிழவருக்குக் காய்ச்சல் கண்டது. எண்பது வயதுத் தலையில் குடம் குடமாக ஊற்றிய தண்ணீரை யாரும் குற்றம் சொல்லவில்லை. நடராஜ் நேரே மந்திரமூர்த்தியின் கடைக்கு வந்து நின்றார்.

"ஏலே, எங்கப்பா உசுரோட இருக்கும்போதே அட்வான்ஸ் புக்கிங்கா?"

"ஐயோ அண்ணாச்சி, மொய் மாதிரி நெனச்சுல்லா போட்டேன்!"

"எதுக்குலே மொய்?"

மந்திரமூர்த்தி ஹார்ட்டை எடுத்துவிட்டார். எடுத்து என்ன பயன்? அதற்குள் அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். வயசான அப்பா அம்மா படங்களை அவசர அவசரமாக அழித்தார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தவர்களெல்லாம் அவரை பிளாக் செய்ய மட்டும் மறக்கவில்லை. சிவகணேஷ் போனில் குதித்தான்: "அண்ணாச்சி, என்கேஜ்மென்ட் பிச்சுக்கிட்டுப் போவுது!"

உலகம்மாள் சேலையை உலர்த்துவதையும் நிறுத்திவிட்டாள். அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் அழுததைப் பார்த்தபோது மந்திரமூர்த்திக்கு வெட்கமும் வேதனையுமாக இருந்தது. ஃபேஸ்புக் பக்கத்தையே அழித்துவிட்டார்.

சில நாள் கழித்துக் கைப்பேசி அடித்தது. வழக்கம்போல எடுத்தவுடன் குரலில் அழுகை இருக்கிறதா என்று கவனித்தார். இல்லை.

"என்னவே மந்திரமூர்த்தி, தாசில்தார் பேசுதேன்."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். இந்தத் தொழிலில் சம்பந்தப்பட்டவரே கூப்பிட்டுப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஐயா, மன்னிச்சிரணும்..."

"அத விடும். அந்தப் படத்துக்கு ஐந்நூறு பேரு லைக் போட்டாவளாம். ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. எம் பிள்ளையளும் அன்னைக்கே கெளம்ப இருந்தாவ. ஒம்ம ஹார்ட்டப் பாத்த பொறவு ஒருத்தரும் நகரல. பேரப்பிள்ளையளும் எம் மடியவிட்டு எறங்க மாட்டேங்கு."

"காய்ச்சல் எப்படி இருக்கு ஐயா?"

"அது அப்பவே போயிட்டு. இருமல மட்டும் வச்சிருக்கேன்." கிழவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எல்லாரும் கெளம்புதாவ. மத்தியானம் இலை போடுதோம். வீட்டம்மாவக் கூட்டிட்டு வாரும்."

"நான் அங்கன வந்தா வீட்ல எல்லாரும்..."

"எப்படியும் ஒருநாள் எங்க வீட்டுக்கு வரத்தான போறீரு? அன்னைக்கு ‘வாரும்’னு சொல்ல எனக்கு வாய் இருக்காதுல்லா. அதான் இப்பவே கூப்பிடுதேன்."

மந்திரமூர்த்தி அழுதுவிட்டார்.

மறுநாள் உலகம்மாள் பட்டுச்சேலை கட்டினாள். ஐஸ் பெட்டி ஏற்றும் வண்டியைத் தவிர வேறு வண்டி இல்லாததால் ஆற்றங்கரை வழியாக நடந்தே போனார்கள். வாசலில் நடராஜ் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "வாங்க" என்றார். முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் திடீரென்று பலமாக இருமினார். நடராஜ் அப்பாவைப் பார்த்தார். இலைமுன் இருந்த ஐஸ் பெட்டிக்காரரைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு, டிக்கெட்டை ரத்து செய்யக் கொல்லைப்பக்கம் போனார். உலகம்மாள் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டாள்.