நான் ஏறாத பதினாறு படிகள்

மேற்குத் தாம்பரத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கும் கடை என்னுடையது. ஒருநாள் காலை நடந்து கடைக்கு வந்து சேர்ந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நாளுக்கு முன்பு வந்துபோன வயிற்றுப்போக்கின் அசதி என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழவே முடியவில்லை.

மருத்துவமனையில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். கில்லன் பாரே சிண்ட்ரோம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்கும் நோய்) என்றார் நரம்பியல் டாக்டரம்மா. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பிறர் தந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். மூச்சுவிட மெஷின் வைக்கும் நிலை வரவில்லை, அதிர்ஷ்டம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாதவனிடம் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசத் தனி தைரியம் வேண்டும்.

"எப்ப நடப்பேன் டாக்டர்?"

"மூணு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் பாய். ஒருத்தர் மாதிரி ஒருத்தருக்கு இருக்காது. யாரையும் பார்த்து கம்பேர் பண்ணாதீங்க."

நல்ல அறிவுரை. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே மறந்துவிட்டேன்.

அப்போதுதான் வீட்டுக்கு ப்ராட்பேண்ட் வந்திருந்தது. என் மனைவி ரஹ்மத் எங்கோ தேடி ஒரு வலைத்தளத்தைக் கண்டுபிடித்தாள். இந்த நோய் பற்றி டாக்டர்கள் எழுதிய கட்டுரைகள் மேலே இருக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எங்களைப் போன்ற நோயாளிகளின் பேச்சு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துத் தள்ளுவார்கள். உண்மையைச் சொன்னால் கட்டுரையை யாரும் முழுசாகப் படித்ததில்லை, நேரே கீழேதான் போவோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பதிவு போட்டாலும் பெயருக்கு அடியில் ஒரு வரி தானாக வந்து நிற்கும். நோய் வந்து எத்தனையாவது நாள், இப்போது உடம்பால் என்ன முடிகிறது என்று அதில் எழுதி வைக்க வேண்டும். "நாள் 48. வாக்கர், பத்து அடி." இது நான். முன்னேறினால் வரியை மாற்றுவோம், மற்றவர்கள் கைதட்டும் பொம்மை போடுவார்கள்.

விக்ரமுக்கும் அதே நாள் 48. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை, மேடவாக்கத்தில் வீடு, வயது இருபத்தாறு. அவன் வரி: "கைத்தடி, வீட்டுக்குள் எல்லா இடமும்." கைதட்டல் பொம்மைகள் முப்பதுக்கு மேல். எனக்கு வந்தவை நான்கு, அதில் ஒன்று ரஹ்மத் போட்டது.

எனக்கு வயிறெரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அவன் நல்ல பையன், நான் கேட்காமலே பயிற்சி முறைகளை எழுதி அனுப்புவான். அதற்கும் எரிந்தது. காலையில் எழுந்ததும் என் காலை அசைத்துப் பார்ப்பதற்கு முன் அவன் வரியைப் பார்த்தேன். நாள் 60: "தடி இல்லாமல்." அன்று பிசியோதெரபி வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

"அவன் சின்னப் பையன்ங்க. நீங்க அவங்கூட ரேஸா ஓடுறீங்க?" என்றாள் ரஹ்மத்.

"ரேஸ் இல்ல. சும்மா பார்த்தேன்."

நாள் 63 அன்று, அவள் மார்க்கெட் போயிருந்த நேரத்தில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி என் வரியை மாற்றினேன். "மாடிப்படி, பதினாறு. கைப்பிடி இல்லாமல்." எங்கள் மொட்டைமாடிக்குப் பதினாறு படிதான், அது மட்டும் உண்மை. மாலைக்குள் ஐம்பது கைதட்டல். "பாய், நீங்க கிரேட்!" என்று விக்ரமே எழுதியிருந்தான். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த இரண்டு மாதத்தில் தூங்கியதில்லை.

மூன்றாம் நாள் அவன் கணக்கிலிருந்து அவன் அம்மா எழுதினார். "பாய் ஏறிட்டார், என்னால முடியாதான்னு படியில இறங்கினான். விழுந்து இடது கை மணிக்கட்டு உடைஞ்சிருக்கு."

ரஹ்மத் அதைப் படித்தாள். பிறகு என் வரியைப் படித்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"பொய் எழுதினது நீங்க. போய்ச் சொல்ல வேண்டியதும் நீங்கதான்" என்றாள்.

ஆட்டோ மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. விக்ரம் வீடு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் வாக்கரோடு கீழேயே நின்றேன். அவன் அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்க பாய், மேல வாங்க. உங்களுக்குத்தான் படி ஏற வருமே!"

என்னால் முதல் படிக்குக்கூடக் காலைத் தூக்க முடியவில்லை. அப்படியே அதில் உட்கார்ந்தேன். மேலே விக்ரம் வந்து, கையில் மாவுக்கட்டோடு, கடைசிப் படியில் உட்கார்ந்தான். வலைத்தளத்தில் போட்டிருந்த புகைப்படத்தைவிட ஒல்லியாக இருந்தான்.

"தம்பி, நான் ஏறினதே இல்ல. பொய் எழுதிட்டேன்."

பால் பாக்கெட்டோடு ஒரு அம்மாள் எங்கள் இருவரையும் தாண்டி ஏறிப்போனார்.

"ஏன் பாய்?"

"பொறாமை."

அவன் அம்மா வெடுக்கென்று உள்ளே போய்விட்டார். அவன் மாவுக்கட்டைத் தடவினான். பிறகு கேட்டான்:

"நான் விழறதுக்கு முன்னாடி நாலு படி இறங்கினேன் பாய். அப்ப நான்தானே லீடிங்?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். இத்தனை நாளாக அவனும் என் வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "ஆமா தம்பி" என்றேன். சொல்லும்போதே, அந்த நாலு படி மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

வீடு திரும்பி வரியை மாற்றினேன். "நாள் 66. வாக்கர், இருபது அடி. படி எழுதியது பொய்." ஒரு பொம்மையும் வரவில்லை. இரண்டு பேர் திட்டினார்கள். நியாயம்தான்.

இதே நோயோடு படுத்துக்கொண்டு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். கம்பேர் பண்ணாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பண்ணத்தான் செய்வீர்கள். எழுதும்போது மட்டும் உங்கள் காலைக் கேட்டு எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு இன்னொருவர் தன் காலைத் தூக்கக்கூடும்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. கால் கட்டைவிரல்கள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. நாள் எண்ணுவதை எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. ரயில் நிலைய மேம்பாலத்தில் செல்போன் பேசிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் வயிறெரிகிறது. பாதியில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறேன். "எவ்ளோ ஏறிட்டீங்க?" என்று கீழிருந்து ரஹ்மத் கேட்கிறாள்.

"பதினொண்ணு" என்கிறேன். பதினொன்றுதான்.