கம்பெனி பஸ்ஸில் ஏறிய தங்கச்சி

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஜூன் மாதக் காலையில், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் வழியாகப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் நடந்தது இது. நான் பிளஸ் டூ முடித்த கையோடு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குக் கழனி வேலை.

தங்கச்சி நல்ல மார்க் வாங்கிவிட்டு, படித்தால் கணக்குதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு லாப நஷ்டம் பார்க்காத ஆளே எங்கள் தெருவில் இல்லை. டிகிரிக்கு மூன்று வருஷம், பி.எட்.டுக்கு இரண்டு வருஷம், அப்புறம் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்துக் கிடக்கணும். தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனால் நான் வாங்குவதில் பாதி தேறாது என்றார்கள். அரசுக் கல்லூரியில் ஃபீஸ் குறைவுதான், ஆனால் இத்தனை வருஷம் சம்பாதிக்காமல் இருப்பதும் செலவுதானே என்று ஒரு புண்ணியவான் எடுத்துக் கொடுத்தார். ஓசியில் கருத்து சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

அம்மா ஒருபடி மேலே போய், கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்க்கும் ஒரு அக்காவை உதாரணம் காட்டுவார். அந்த அக்கா பி.எஸ்ஸி. மேத்ஸ். என் பக்கத்தில் நின்று, நான் செய்யும் அதே வேலையைச் செய்து, அதே சம்பளம்தான் வாங்குகிறார். இருந்தாலும், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படி என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு நல்ல வரனும் வந்திருந்தது. இவள் படிப்பு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தேன்.

கல்லூரி கவுன்சலிங் அன்றைக்கு அம்மா விடிந்ததுமே களை எடுக்கப் போய்விட்டார். தங்கச்சி சாலவாக்கத்தில் இருக்கும் தோழியோடு கல்லூரிக்குப் போவதாகச் சொல்லி எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். நான் கிளம்பத் தாமதமாகி, வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்குக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். இன்டர்வியூவுக்கு வருபவர்களையும் எங்கள் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்வார்கள். சாலவாக்கத்தில் அப்படிச் சில புதுப் பெண்கள் ஏறினார்கள். கடைசியாக, சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறியது என் தங்கச்சி. நான் முதல் பஸ்ஸிலேயே போயிருப்பேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, பஸ் என்றும் பாராமல் திட்டித் தீர்த்தேன். விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தார்கள். வேலைக்கு வருவதுதான் புத்திசாலித்தனம் என்று பாதிப் பேர். யாரோ முன் சீட்டிலிருந்த மேத்ஸ் அக்காவையே கேட்டார்கள். போயும் போயும் இவரிடமா என்று எனக்கு இருந்தது.

அந்த அக்கா தங்கச்சி பக்கம் திரும்பினார். "கணக்கு பட்ச்சி இன்னா கண்டேன்னு கேட்டா, ஒண்ணும் காணல. ஆனா, யாரும் எழுப்பாம நானா எழுந்து காலேஜுக்கு ஓடுனது அந்த மூணு வருசந்தான்" என்றார்.

தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: "நான் அஞ்சு வருசம் பட்ச்சிக்கினு இருந்தா, நீ அஞ்சு வருசம் இந்த பஸ்லயே வந்துக்கினு இருக்கணும்க்கா. உனக்குக் கல்யாணம் வாணாமா?"

தெருவே உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்ததே, அதில் என்னை யாருமே சேர்க்கவில்லை. பெற்ற அம்மாவும் சேர்க்கவில்லை, நானே சேர்க்கவில்லை. இந்தச் சின்னக் கழுதை ஒருத்திதான் சேர்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுந்து போய் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். காலங்காத்தால பேஜார் பண்றியேம்மா என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் நிறுத்தினார். சொல்லாமல் லீவு எடுத்தால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் அம்பேல். போகட்டும் என்று அவளையும் இழுத்துக்கொண்டு இறங்கினேன். மேத்ஸ் அக்கா ஜன்னல் வழியாகத் தன் நாஷ்டா டப்பாவை நீட்டி, வெறும் வயிற்றோடு போகாதீங்க என்றார். எதிர்ப்பக்கம் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த இட்லியை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

கவுன்சலிங்கில் பி.காம்.முக்குத்தான் கூட்டம். மேஜையில் இருந்த மேடம் தங்கச்சியின் மார்க்கைப் பார்த்துவிட்டு, இதற்கு பி.காம்.மே கிடைக்கும், சீக்கிரம் வேலைக்கும் போகலாம் என்றார். தங்கச்சி தயங்கி என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "மேத்ஸ் போட்டுக்குங்க மேடம்" என்றேன்.

அந்த வரன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தங்கச்சி இப்போது மூன்றாம் வருஷம். அந்தப் படிப்பு அவளுக்கு எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஓவர்டைமில் நின்று நின்று கால் கடுக்கும்போதெல்லாம், நான் உட்காரவேண்டும் என்று தன் ஆசையை விட்டுத்தர வந்தவள் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்புதான் எனக்குத் தெம்பாக இருக்கிறது.