செல்லரிக்காத வீடு

பூவரசனைக் கஞ்சன் என்று ஊரே சொல்கிறது. எதிர் வீட்டுக்காரனான எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

காரிமங்கலம் பக்கம் கிரானைட் கல்லுக்குப் பெட்டி அடிக்கும் மர டிப்போவில், பலகைகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பது அவன் வேலை. கையுறை, கிய்யுறை எதுவும் கிடையாது. அந்த மருந்து குடித்த கட்டையைச் செல் தொடாது, வண்டு துளைக்காது. எங்கள் ஊரில் செல் தின்னாத நிலைக்கதவு யார் வீட்டில் இருக்கிறது? டிப்போவில் கழித்துப் போட்ட பலகைகளைச் சேர்த்துக் கதவு, ஜன்னல், பரண், கட்டில் எல்லாம் அவனே செய்தான். மனைவி மலர்விழி பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோது தொட்டிலும் செய்தான்.

"எம் பேரப்புள்ள காலத்துக்கும் ஒழைக்குங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பெண் பிறந்தது.

அப்புறம்தான் அவன் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் கருப்புக் கருப்பாய்ப் பருக்கள் கிளம்பின. சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்து ஊற்றியது. தர்மபுரியில் ஒரு டாக்டரம்மா துருவித் துருவி விசாரித்தார்.

"நீங்க கட்டைய முக்கற மருந்து பென்டாகுளோரோஃபீனாலா இருக்கும்ங்க. தடை பண்ணின மருந்து. கட்டையிலிருந்து காத்துல கலந்துக்கிட்டே இருக்கும். அந்தக் கட்டை இருக்கற ரூம்ல கொழந்தைய விடாதீங்க. எரிச்சிடவும் கூடாது, பொகை இன்னும் மோசம்."

அவன் மாமியார் வீட்டுக்குப் போன் போட்டு, இப்போது பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்றான். மாமியார் மாதம்மாள் விடுவாளா?

"பொட்டப்புள்ளைன்னுதானே இந்தப் பேச்சு, மாப்பள?"

மருந்துக் கட்டை விஷயத்தைச் சொன்னான். அவள் நம்பவில்லை. மறுநாளே தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அவன் கதவை மறித்துக்கொண்டு அழுதான்.

மலர்விழி அவன் முகத்தையே பார்த்தாள். "நான் உள்ள வரலீங்க, அழுவாதீங்க" என்று பிள்ளையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மூவரும் அந்த மரத்தடியில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. கட்டையை எரிக்க முடியாது. ஏரியில் போட்டால் மீன் செத்து மிதக்கும். யாருக்காவது கொடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளை அதில் படுக்கும். "சும்மா கெடக்கற தொட்டிலக் குடுத்தா என்னவாம்" என்று கேட்டு வருகிறவர்களை அவன் காரணம் சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறான்; அவர்கள் நம்புவதில்லை. அதற்குத்தான் இந்தக் கஞ்சப் பட்டம். வேறு வேலை கிடைக்கும்வரை அவனுக்கு அதே மருந்துத் தொட்டி வேலைதான். குளித்துத் துணி மாற்றாமல் பிள்ளையைத் தொடுவதில்லை.

பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பக்கம் இறக்கிவிட்டாலும் வழவழப்பான அந்தக் கதவைப் பார்த்தே போகிறாள். நேற்று பூவரசன் முள் வெட்டிவந்து, தான் கட்டிய வீட்டைச் சுற்றி வேலி போட்டான்.