பிரேக் அக்காவின் ஆறு வாரங்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவளுக்குப் பதினாறு வருடத் தொழில். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்திருப்பாள். அதனாலேயே எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வங்கி மேலாளர், பல் மருத்துவர், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட ஆசைப்பட்ட தாய்மார்கள் என்று அவளிடம் படித்தவர்கள் ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் நின்றால் ஏதாவது ஒரு வண்டியிலிருந்து கை அசையும்.

அப்படிப்பட்டவளின் கணவருக்கு ஸ்டீயரிங்கைத் தொடவே பயம். அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர். தலைமுடி அகலத்துக்குக்கூடக் கை பிசகாது. ஆனால் வண்டி என்றால் உள்ளங்கை வியர்த்துவிடும். "எனக்கு ஒரு நேரத்துல ஒண்ணத்தான் பாக்க வரும். வண்டியில நாலா பக்கமும் பாக்கணும்" என்று சொல்லி, இருபது வருடமாக பஸ்ஸிலேயே கடைக்குப் போய் வந்தார். அவளும் வற்புறுத்தியதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று அவருக்கும் மகளுக்கும் சொல்லித்தராமலே விட்டுவிட்டாள்.

ஒருநாள் காரின் பின்கதவைத் தூக்கிவிட்டுக் குனிந்தபோது அது இறங்கி அவள் தலையில் இடித்தது. நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. "ஒண்ணுமில்ல, ஐஸ் வச்சா போயிரும்" என்றவளை, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள் விடவில்லை. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இடிச்ச இடத்துல ஒண்ணுமில்லம்மா. இடிக்காத இடத்துல ஒண்ணு இருக்கு."

ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில், குழாயின் சுவர் மெலிந்து சின்னப் பழம் போல உப்பியிருந்தது. இதுவரை வெடிக்கவில்லை. வெடிக்காமலே காலம் முழுக்க இருந்தாலும் இருக்கலாம். ஆனால் அது இருக்கும் அளவையும் வடிவத்தையும் பார்த்தால், மண்டையைத் திறந்து, அந்த உப்பலின் கழுத்தில் ஒரு சின்ன கிளிப்பைப் போட்டு அடைத்துவிடுவதுதான் நல்லது. முதலில் ரத்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இன்னும் சில சோதனைகள் உண்டு. ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தவள் வேறு ஆளாக வந்தாள். தலையில் தளும்பத் தளும்பக் குடம் வைத்திருப்பவள் போல நடந்தாள். குனிந்து செருப்பை எடுக்காமல் காலாலேயே நகர்த்தினாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்தாள்; அடக்கினால் அழுத்தம் ஏறுமோ என்று பயந்து கையை எடுத்தாள்; பாதித் தும்மலோடு கண் கலங்க நின்றாள். குக்கர் விசிலடித்தால் அடுப்பைப் பார்க்கும் முன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போனில் தேடித் தேடிப் படித்தாள். நன்றாகத் திரும்பி வந்தவர்களைப் பற்றி ஒருமுறை படித்தாள், திரும்பாதவர்களைப் பற்றி ஏழுமுறை படித்தாள். யாராவது கேட்டால் மட்டும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று பல்லைக் காட்டினாள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தாள். கேஸ் பதிவு செய்யும் எண், மகளின் எந்தச் சட்டை வெந்நீர் பட்டால் சுருங்கும், அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, தண்ணீர் மோட்டாரை எத்தனை நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. எதற்காக எழுதுகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒருநாள் திறந்தால், மோட்டார் வரிக்குக் கீழே மகளின் கையெழுத்து இருந்தது. "அப்பா மூணு தடவை மறந்து மாடியையே குளிப்பாட்டியிருக்காரு. இந்த நோட்டை அவர்கிட்ட குடுத்தா இதையும் நனைச்சிருவாரு. மோட்டாரை நிறுத்த நீயே வா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த கையோடு பயந்துபோய்த் தலையைப் பிடித்துக்கொண்டாள். கதவோரம் நின்று பார்த்திருந்த மகள் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிரிக்கறதுக்கும் பயமாம்மா?"

"தெரியலடி. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாதுன்னே தெரியல."

"அப்ப அதை எழுது. சட்டை சுருங்கறதை அப்புறம் பாத்துக்கலாம். உனக்கு என்னென்ன பயமோ எல்லாத்தையும் எழுது, டாக்டர்கிட்ட நேரா கேட்டுருவோம்."

அடுத்த முறை போனபோது கையில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. டாக்டரம்மா ஒன்றையும் தள்ளாமல் பதில் சொன்னார். வலிக்குமா, எத்தனை மணி நேரம், பேச்சு தடுமாறுமா, முடியை முழுதாக எடுப்பார்களா, எத்தனை பேருக்குச் சிக்கலாகிறது. பூசி மெழுகாமல், ஆபத்தைக் குறைத்தும் சொல்லாமல் கூட்டியும் சொல்லாமல் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

"தும்மலாமா டாக்டர்?"

"தாராளமா."

"சிரிக்கலாமா?"

"சிரிக்கணும்."

"சண்டை போடலாமா?"

"யாரோட?"

"வீட்டுக்காரரோட."

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "அளவா போடுங்க. பாவம், சாதுவா தெரியறாரு."

கடைசிக் கேள்வி தொழிலைப் பற்றியது. ஆபரேஷன் வரை அவளே ஓட்ட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதமாவது ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாமா என்று இவள் கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். ரொம்பப் பதற வைக்காத ஆளா பாத்து எடுத்துக்குங்க" என்றார்.

வீடு வந்து சேருவதற்குள் அவள் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். சொன்னதும் கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நானா?"

"நீங்கதான். ஆஸ்பத்திரியிலருந்து என்னை யாரு கூட்டிட்டு வர்றது?"

"டாக்ஸி எதுக்கு இருக்கு?"

"மண்டையைத் திறந்து மூடிட்டு வரப்போறேன். முன்னபின்ன தெரியாத ஆளு ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கிப் போடுவான். நீங்கன்னா இறங்கி அளந்து பாத்துட்டுத்தான் பள்ளத்தைத் தாண்டுவீங்க."

அவர் மறுநாளே பழகுநர் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் காலை ஆறரை மணிக்கு முதல் பாடம். வண்டியை அங்கே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் அவளிடம் படித்த ஒருவர் உதவினார். அவர் மூக்குக்கண்ணாடியை மூன்று தரம் துடைத்தார். இருக்கையை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்கு ஆறுதல் சொல்பவர் போலக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கிளட்ச்சை விட்டார். வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை அணைந்தது. பன்னிரண்டாவது தடவை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முதல் கியரிலேயே ஊர்ந்து போய், சுவருக்கு இருபது அடி முன்னால் நிறுத்தி, "வந்துட்டோம்" என்றார், கடல் தாண்டியவர் போல. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது, அந்த ஒரு மணி நேரமும் தன் தலையைப் பற்றிய நினைப்பே அவளுக்கு வரவில்லை.

இரண்டாவது வாரம் தெருவில் இறங்கினார்கள். பயந்தவர்களுக்கு அவள் வழக்கமாகச் சொல்லித்தரும் ஒரு வழி உண்டு. முன்னால் தெரிவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். கண் எதிரே இருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும் வாய்க்கு, இல்லாததைக் கற்பனை செய்ய நேரம் இருக்காது. அவரும் சொன்னார், ஆனால் தன் தொழிலை விடாமல் சொன்னார்.

"சிவப்பு பஸ். இடது விளக்குல கீறல். ரோட்டைக் கடக்க ஒரு அம்மா நிக்கறாங்க. அவங்க ஃப்ரேம் மூக்குக்குச் சரியில்ல, நழுவுது."

"ரோட்டைப் பாருங்க."

"பாக்கறதைச் சொல்லுன்னியே."

"மூக்கை எல்லாம் சொல்ல வேண்டாம்."

நான்காவது வாரத்தில் வண்டி அவர் கைக்கு ஓரளவு வந்துவிட்டது. கியர் மாற்றும் சத்தம்கூட இல்லை. ஆனால் இடது கால் மட்டும் கிளட்ச்சின் மேல் வெடவெடவென்று நடுங்கியது. ஒருநாள் மர நிழலில் ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"இவ்வளவு நல்லா ஓட்டறீங்க. இன்னும் எதுக்கு இப்படிப் பயப்படறீங்க? நான்தான் பக்கத்துல இருக்கேனே."

அவர் எதிரே இருந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிக்குப் பயந்து நடுங்குதுன்னு நினைச்சியா?"

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. வீட்டில் அவள் பல்லைக் காட்டிச் சமாளித்த நாளெல்லாம், அவர் லென்ஸைத் துடைத்துச் சமாளித்திருக்கிறார். ஒருவர் பயத்தை ஒருவர் பார்த்துவிடக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நாடகம் ஆடியிருக்கிறார்கள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள். "கண்ணை மூடினா திறக்காமலே போயிருமோன்னு. திறந்தாலும் உங்களை யாருன்னு கேட்டுருவேனோன்னு."

"கேட்டா என்ன, சொல்லிக்கறேன். இன்னார்னு மறுபடி அறிமுகம் பண்ணிக்கறேன். முதல் தடவையே நீ ரொம்ப யோசிச்சுத்தான் சரின்னே."

அவள் அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள், தும்மலும் வந்தது. மூக்கைப் பிடிக்காமல் முழுதாகவே தும்மினாள். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கணவர் வண்டியை எடுத்தார். அன்றைக்குப் பிறகு கால் நடுக்கம் முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் அதை மறைக்க வேண்டிய வேலை இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது. சாப்பிடும்போதுகூட, "இன்னைக்கு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, உங்களுக்கு?" என்று பயத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள்.

லைசென்ஸ் தேர்வில் முதல் முறை அவர் தோற்றார். பாதையில் ஒரு பூனை வந்து உட்கார்ந்துகொண்டது. அது எழுந்து போகட்டும் என்று அவர் காத்திருந்தார். பூனைக்கு அவசரம் இல்லை. தேர்வு அதிகாரிக்கு இருந்தது. ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் இரண்டாவது முறை போனபோது அதே அதிகாரி, "இன்னைக்குப் பூனை வந்தா ஹாரன் அடிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறினார். அரை மணி நேரத்தில் கணவர் தேறிவிட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்த அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரம் பேரைத் தேற வைத்தவள், இந்த ஒருவருக்காக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவரே ஓட்டிக்கொண்டு போனார். வேகத்தடை ஒவ்வொன்றையும் தூங்கும் குழந்தையைத் தாண்டுவது போலத் தாண்டினார். மகள் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து, ஆபரேஷன் அறைக்கு வெளியே நிறுத்தியபோது பயம் மறுபடி தலைதூக்கியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குத் தன் மாணவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மெல்ல வாயைத் திறந்தாள்.

"பச்சைத் தொப்பி. சுவத்துல கடிகாரம், எட்டு பத்து. மேல ஆறு விளக்கு. ஒண்ணு எரியல."

"யார்கிட்டம்மா பேசறீங்க?" என்றார் நர்ஸ்.

"ஓட்டிட்டு இருக்கேன் சிஸ்டர்."

நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, அவரும் அண்ணாந்து பார்த்தார். "ஆமா, அந்த விளக்கு ஒரு மாசமா எரியல" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. கிளிப் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது, கணவர் கையில் இறுக்கிப் பிடித்திருந்த கார் சாவியின் அச்சு உள்ளங்கையில் அப்படியே பதிந்திருந்ததாம். மகள் பிற்பாடு சொன்னாள்.

கண் விழித்ததும் கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். பேனாவைக் காட்டினார்கள், பேனா என்றாள். டாக்டரம்மா கட்டிலருகே நின்ற அவரைக் காட்டி, "இவர் யாருன்னு தெரியுதா?" என்றார். அவள் நாக்கு உலர்ந்து ஒட்டியிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட படிச்சவரு. ரெண்டாவது தடவைதான் பாஸானாரு."

மகள் ஓவென்று அழுதாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எட்டாவது நாள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். காதுக்கு மேலே ஒரு கீற்றாக மழித்து, தையல் போட்டிருந்தது. வெயில் மடியில் விழுந்தது. பதினாறு வருடத்தில் ஓடும் வண்டிக்குள் அவள் கண் மூடியதே இல்லை. மூடினால் எதிரே வருபவர் கதி என்ன ஆவது. அன்றைக்கு இரண்டாவது சிக்னல் வருவதற்குள் தூங்கிப்போனாள். வாசலில் நிறுத்தியும் எழவில்லை. எழுப்பப் போன மகளின் கையைத் தடுத்துவிட்டு, அவர் வண்டியை மறுபடி எடுத்தார். பேட்டையை நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றினார்.

நான்கு மாதம் கழித்து, இனி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் சாவிக்குக் கையை நீட்டினாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டவர் எடுக்கவே இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள் நானே ஓட்டிக்கறேனே" என்றார். "புதுசா பாலம் திறந்திருக்காங்களாம். அந்த வழியா போலாம்னு பாத்தேன்."