டுரியான் கடைக்காரர் உருவிய சாவி

மலைத் தேசியப் பூங்காவிலிருந்து ரந்தாவ் ஊர்ப் பக்கம் இறங்கும் மாநில நெடுஞ்சாலையில், ஒரு வளைவோரம் அவர் கடும் வாடை வீசும் டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்தார். வெளுத்த சட்டை, இடுப்பில் பாராங் கத்தி. மற்ற வியாபாரிகள் பழத்தை மோந்து பார்ப்பார்கள். அவர் காதருகே ஆட்டிப் பார்த்தே எங்களுக்கு இரண்டு பழங்களை எடுத்தார்.

காரைக் கிளப்பியபோது மணி மூன்று நாற்பது. ஜன்னலை ஏற்றுவதற்குள் அவர் கையை உள்ளே விட்டுச் சாவியை உருவிக்கொண்டார். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், ஆள் நடமாட்டமே இல்லை. என் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். கொள்ளைதான் என்று நினைத்தேன்.

“இப்ப எறக்கத்துல வண்டிய விடாதீங்கண்ணே. பிரேக் கருகுற வாடை வருது.”

“டுரியான் வாடைதானே வருது?” என்றேன்.

“எனக்கு அது ஒண்ணுதான் வராதுலா. இருவது வருசமா இதுலயே கெடக்கிறேன். மத்ததெல்லாம் வரும். மிதிச்சுப் பாருங்க.”

மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் அடிவரை போனது. மலை உச்சியிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, பிரேக்கின் சூடு ஆறிப் பெடல் மறுபடி இறுகிய பிறகே சாவியைத் தந்தார்.

“ரெண்டாம் கீர்லயே போங்க. மெதுவா.”

அடுத்த வளைவு நூறு அடி தள்ளித்தான் இருந்தது. அங்கே தடுப்புக் கம்பி ஓரிடத்தில் பிய்ந்து, பள்ளத்தைப் பார்த்துத் தொங்கியது.

அன்றைய நாட்குறிப்பில் நேரம், பழங்களின் எடை எல்லாம் இருக்கின்றன. அவர் பெயர் இல்லை. இப்போதும் இறக்கங்களில் ஜன்னலைத் திறந்து மோந்து பார்க்கிறேன். எனக்கு எந்த வாடையும் வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.