எட்டு மாதம் பிந்திய துஷ்டி

மூன்று வாரத்துக்கு முன்பு, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரும் பஸ்ஸில் என் அத்தான் தூங்கிவிட்டார். பட்டப்பகலில். என் தோளில் தலையைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு... கண்டக்டர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டி, 'தண்ணியா?' என்று சைகையில் கேட்டார்.

இல்லை ஐயா. மாத்திரைகூட இல்லை! அந்தக் கண்டக்டருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கலாம் போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

நான் மருந்துக் கடை வைத்திருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். தலைவலி என்று வருகிறவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே இதை எழுதுவது என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போடுகிற வேலை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அத்தான் என்றால் என் அக்காளின் கணவர். அருப்புக்கோட்டையில் வத்தல் வியாபாரம். அவருடைய அண்ணனுக்குத் திருச்சுழியில் கடை. தகப்பனார் விட்டுப்போன வீட்டில் ஒரு பொதுச்சுவர். அதை வைத்து இருவருக்கும் தகராறு. யார் பக்கம் நியாயம் என்று கேட்காதீர்கள், அந்தச் சுவருக்கே தெரியாது. பேச்சு முற்றி, "நீ செத்தாலும் ஒன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார் அத்தான்.

கோபத்தில் நாம் எல்லோரும் சொல்வதுதானே? சொன்ன உடனே செத்தா போகிறார்கள்?

அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி, ஒரே நாளில். ஆள் வந்து சொன்னான். அத்தான் தராசை விட்டு எழுந்திருக்கவில்லை. அன்று முழுக்க வத்தல் நிறுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை. அது முடிந்த கையோடு அவருக்குத் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு. பிறகு பேச்சு. கடையைத் திறக்கவில்லை. நாலு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். "இவுக எனக்குத் திரும்பிக் கெடைப்பாகளாடா?" என்று அக்காள் கேட்டபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவளுக்குக் காரணம் சொல்லாமல், கொல்லைக் கிணற்றுக்கு மூடி போட ஆள் பிடித்தேன்.

செய்வினை என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதினார். வேலை செய்ததா? செய்தது. தூக்கம் வந்தது. சோறு இறங்கியது. கேட்டால் பதில் சொன்னார். மாத்திரையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிட்டது. சாப்பிட்டார், தூங்கினார், மிச்ச நேரமெல்லாம் தன் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரப் புத்தி எங்கே போகும்? இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். மாட்டேன் என்றார். கூட்டினால் கூடக் கொஞ்சம் தூங்குவார், அவ்வளவுதான்; உள்ளே ஏதோ கிடக்கிறது, அதை இவர்தான் எடுக்கவேண்டும் என்றார். டாக்டருக்குக் கைராசி போதாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது, பஸ் காரியாபட்டி தாண்டியதும் அத்தான் தானாக வாயைத் திறந்தார்.

"மாப்ள, அண்ணனுக்கு நான் துஷ்டி கேக்கலையே."

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துஷ்டி கேட்பது என்போம். எட்டு மாதம் கழித்து யாராவது துஷ்டி கேட்பார்களா? வீட்டில் ஆளாளுக்குத் தடுத்தார்கள். மதினி - செத்துப்போன அண்ணனின் மனைவி - வாசலில் வைத்து நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டால்? தேறி வந்த ஆள் மறுபடி விழுந்துவிடுவாரே என்று அக்காளுக்கு நடுக்கம். எனக்கும்தான். சட்டைப்பையில் ஒரு தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

மதினி முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். சுளகைக் கீழே வைத்தார். "வாங்க" என்று சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. பகையாளி வந்தாலும் 'வாங்க' என்று சொல்லுகிற சீமை இது. அத்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. மதினி உள்ளே போய், அண்ணன் படத்துக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்தார். படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தா, ஒங்க தம்பி வந்திருக்காக."

அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்வதில்லை. எட்டு மாதம் கழித்தும், இந்த ஒருத்தருக்காக, அந்த அம்மா தன் வீட்டை மறுபடியும் சாவு வீடாக்கிக் கொடுத்திருக்கிறார். 'வாங்க' என்றிருந்தால் அத்தான் வெறும் விருந்தாளியாகத்தான் திரும்பியிருப்பார்.

அத்தான் தரையில் விழுந்து அழுதார். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிற அழுகை. என் கை சட்டைப்பைக்குப் போனது... வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். வழக்கப்படி, போய்வருகிறோம் என்று சொல்லாமல் எழுந்து வந்தோம். பஸ் ஏறினோம். அப்புறம்தான் அந்தத் தூக்கம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் சண்டைக்கு வருவேன். அத்தான் இன்றைக்கும் ராத்திரி ஒன்று சாப்பிடுகிறார். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பாடு. மாத்திரை இல்லாவிட்டால் துஷ்டி என்ற சொல்லே அவர் வாயில் வந்திருக்காது. ஆனால் திருச்சுழிக்கு அது போய்வர முடியுமா? அதற்கு ஆள்தான் பஸ் ஏறவேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் தனியாகத் திருச்சுழி போய்வந்தார். வந்ததும் வராததுமாக, மதினி என்ன சொன்னாக என்று அக்காள் பிடித்துக்கொண்டாள். அவர் செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்:

"வாங்கன்னாக."